தெருவுக்குப் போகாத முகவரி

“நாலு மணிக்கு அந்தப் பொண்ணு கையில லெட்டரைக் குடுத்து அனுப்பிடப் போறேன். அதுக்குள்ள உங்களால ஏதாவது சொல்ல முடிஞ்சா சொல்லுங்க” என்றார் ஆர்க்கிடெக்ட்.

சுவர்க் கடிகாரத்தில் மணி இரண்டு பத்து. எக்ஸ்சேஞ்ச் அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். தொலைபேசி இணைப்பகத்தில் இருபத்திரண்டு வருடம் காதில் ஹெட்போனை மாட்டி உட்கார்ந்திருந்து, ஊர்க் குரல்களையெல்லாம் ஒன்றோடொன்று கோத்துவிட்டவள். இணைப்பகத்தை மூடியபின், யார் யாரிடம் எதை மறைக்கிறார்கள் என்று கண்டுபிடித்துச் சொல்வதே அவள் பிழைப்பாகிவிட்டது.

அவளுக்குப் பின்னால் பல்பு. அவளுடைய கணவரின் தம்பி. எலக்ட்ரிக் கடையில் பத்து வருடம் இருந்ததால் அந்தப் பெயர் என்பான் அவன். வாயைக் கொடுத்துக் கொடுத்து பல்பு வாங்குவதால் என்பாள் அண்ணி.

“என்ன நடந்துச்சுன்னு முதல்லேருந்து சொல்லுங்க.”

“குழந்தைகள் நூலகம் ஒண்ணு கட்டப் போறாங்க. அதுக்கு வரைபடப் போட்டி. நாளைக்குக் கடைசி நாள். போன மாசம் ஒரு பொண்ணை வேலைக்கு எடுத்தேன். ரொம்பக் கெட்டிக்காரி. ஆனா அவ அந்த வரைபடத்துல கைவெச்ச நாள்லேருந்து யாரோ எங்க கம்ப்யூட்டர்களைக் குடையறாங்க. மீதியை எங்க சர்வர் சொல்வார்.”

“சர்வரா? அப்போ ரெண்டு காபி சொல்லிடலாமா?” என்றான் பல்பு.

மூலையில் நின்றிருந்த மனிதர் சிரிக்கவில்லை. ஐம்பதை ஒட்டிய வயது. இடுப்பில் சாவிக்கொத்து. பதினோரு வருடமாக அந்த அலுவலகத்தின் ஒவ்வொரு ஒயரும் அவர் கைபட்டுத்தான் ஓடியது. கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்ப்பவர் என்பதால் எல்லோருக்கும் அவர் சர்வர்.

அவர் ஒரு தாளை மேசைமேல் வைத்தார். “இது ஃபயர்வாலோட பதிவும்மா. ஃபயர்வால்ங்கிறது வாசல் காவல்காரன் மாதிரி. யார் வந்தாலும் நேரத்தையும் முகவரியையும் எழுதி வைக்கும். பிடிக்கலைன்னா திருப்பி அனுப்பிடும். இங்க பாருங்க. 192.168.77.23. ஒரே ஆள் ஒன்பது நாளா கதவைத் தட்டறான். வெளிநாட்டு ஹேக்கர். நடுவுல ரெண்டே நாள்தான் தட்டல. அந்த ரெண்டு நாளும் யார் லீவுன்னு கேளுங்க.”

“யாரு?”

“புதுசு. அவ உள்ளேருந்து ஏதோ சைகை காட்டறா. அவன் வெளியேருந்து வர்றான்.”

புதுசு என்று சொன்னபோது அவர் குரலில் லேசாகப் புகை வந்தது. எக்ஸ்சேஞ்ச் அம்மா தாளைக் கையில் எடுத்தாள். தேதி, நேரம், அனுப்பியவர், பெறுபவர், முடிவு. ஐந்து பத்திகள். வலது ஓரத்தில் நான்கு விரல் அகலத்துக்கு வெறும் வெள்ளை. அவள் அதை விரலால் அளந்து பார்த்துவிட்டு எழுந்தாள்.

“அந்தப் பொண்ணு எங்கே?”

---

வரவேற்பறை சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தாள் அவள். இருபத்தேழு, இருபத்தெட்டு வயது இருக்கும். லேப்டாப்பைப் பிடுங்கிவிட்டார்கள். பையைக் கொட்டிச் சோதித்திருக்கிறார்கள். பென்சில்களை மறுபடி ஒவ்வொன்றாகப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். வரைபடச் சுருள் ஒன்று மடியில் கிடந்தது.

“வேலை போறது பரவால்ல மேடம். திருடின்னு எழுதி எங்க ஆர்க்கிடெக்ட் சங்கத்துக்கு அனுப்பப் போறாங்களாம். அப்புறம் எந்த ஊர்லயும் நான் ஒரு கக்கூஸ்கூட வரைய முடியாது.”

“சர்வருக்கு உன்மேல என்ன கோபம்?”

“வந்த நாலாம் நாள் ஃபைல் திறக்க ரொம்ப நேரமாச்சு. ஒரு ஒயரை மாத்திப் போட்டேன், சரியாயிடுச்சு. சார் எல்லார் முன்னாலயும் ‘பதினோரு வருஷமா நாம இழுத்துட்டுக் கிடந்ததை இவ பத்து நிமிஷத்துல முடிச்சிட்டா’ன்னு சொல்லிட்டார். அன்னியிலேருந்து அவர் என் வணக்கத்தை வாங்கிக்கறதில்ல.”

எக்ஸ்சேஞ்ச் அம்மா தாளை நீட்டினாள். “இதைப் பார்த்தியா?”

“யாரும் காட்டலையே.” பெண் தாளை வாங்கினாள். புருவம் நெரிந்தது. பிறகு சட்டென்று நிமிர்ந்தாள். “வெளிநாட்டுலேருந்து வந்ததுன்னா சொன்னாங்க?”

“ஆமா.”

“இந்த முகவரி தெருவுக்கே போகாது மேடம். உலகத்துல சில எண்களைத் தனியா ஒதுக்கி வெச்சிருக்காங்க. பத்துல தொடங்கறது, 192.168ல தொடங்கறது, இந்த மாதிரி. வீட்டுக்குள்ள, ஆபீசுக்குள்ள மட்டும் யார் வேணும்னாலும் வெச்சுக்கலாம். லட்சம் வீட்டுல ஒரே எண் இருக்கும். அதனாலேயே வெளியே செல்லாது. இந்த எண்ணைப் போட்டு வர்றதை வழியில யாரும் சுமந்துட்டு வரமாட்டாங்க.”

எக்ஸ்சேஞ்ச் அம்மாவின் கண் விரிந்தது. “எக்ஸ்டென்ஷன் நம்பர்!”

“என்னது?”

“எங்க காலத்துல ஒவ்வொரு ஆபீசுக்குள்ளயும் இருபத்தி மூணுன்னு ஒரு எக்ஸ்டென்ஷன் இருக்கும். இருபத்தி மூணுலேருந்து மணி அடிச்சா, கூப்பிடறவன் அதே கட்டடத்துல உக்காந்திருக்கான்னு அர்த்தம். அடுத்த ஊர்க்காரனா இருக்கவே முடியாது.”

“அதேதான். பொய் முகவரி எழுதி வெளியேருந்து அனுப்பலாமேன்னு கேப்பாங்க. ஆனா பெறுபவரைப் பாருங்க, எல்லாமே 255. அது ஒருத்தருக்குன்னு அனுப்பறதில்ல. ‘யாராவது இருக்கீங்களா’ன்னு பொதுவா போடற கூப்பாடு. அந்தக் கூப்பாடு ஒரு கட்டடத்தைத் தாண்டாது.”

“இவ்வளவு தெளிவா எனக்கு யாரும் எதையும் சொன்னதே இல்லம்மா.”

பல்பு தொண்டையைச் செருமினான். “போன வாரம் மிக்ஸி ஏன் ஓடலைன்னு நான் சொன்னப்போகூட தெளிவாத்தான் இருந்துச்சு அண்ணி.”

“காதுல வர்ற புகையை அணைச்சிட்டு அந்தத் தாளைப் பிடி” என்றாள் அண்ணி. பெண்ணிடம் திரும்பினாள். “இதுல வேற ஏதாவது குறையுதா?”

“எந்தக் கதவு வழியா வந்ததுன்னு ஒரு பத்தி இருக்கணும். உள்ளா, வெளியான்னு. எல்லா ஃபயர்வாலும் அதை எழுதும்.”

“நாலு விரல் இடம் காலியா இருந்தும் அச்சாகல.” எக்ஸ்சேஞ்ச் அம்மா மெல்லத் தலையாட்டினாள். “சரி, இன்னொரு கேள்வி. இந்த நேரங்களைப் பாரு. ஒரு நாள் பத்து முப்பத்தெட்டுக்கு ஆரம்பிச்சு பதினொண்ணு அம்பத்திரண்டுக்கு நிக்குது. அடுத்த நாள் பத்து அம்பதுலேருந்து பன்னண்டே கால். அந்த நேரத்துல நீ எங்க இருப்பே?”

பெண் யோசித்தாள். “கலந்துபேசற அறையில. சாரும் நானும். நூலக வரைபடத்துக்காக.”

“வேற யாரும் வரமாட்டாங்களா?”

“வேலை நேரத்துல அந்த அறையைத் திறக்கறதே நாங்க ரெண்டு பேர்தான்.”

---

அறைக்கு ஜன்னல் இல்லை. நடுவில் நீள மேசை. மூன்று பக்கமும் அலமாரி, அதில் அட்டையில் செய்த கட்டட மாதிரிகள். பள்ளிக்கூடம், மருத்துவமனை, பேருந்து நிலையம், ஓரத்தில் ஒரு சின்ன வீடு. பல்பு மாதிரிகளைப் பார்க்கவில்லை. கதவுப் பக்கத்துச் சுவிட்சைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அண்ணி, இது கஞ்சன் போட்ட ஒயரிங். லைட், ஃபேன், பிளக் எல்லாத்துக்கும் ஒரே மெயின் சுவிட்ச். ஆள் வெளியே போகும்போது ஒரு தட்டு தட்டினா மொத்த அறையும் செத்துடும்.”

எக்ஸ்சேஞ்ச் அம்மா அவன் தோளில் தட்டினாள். அவன் காதிலிருந்த புகை அந்த ஒரு தட்டில் அடங்கிவிட்டது.

“நீ இங்கயே இரு. நான் போன்ல சொல்றப்போ போடு, சொல்றப்போ நிறுத்து.”

சர்வரின் அறையில் திரையைத் திறந்து காட்டச் சொன்னாள். ஆர்க்கிடெக்டையும் அந்தப் பெண்ணையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள். சர்வர் கீபோர்டில் இரண்டு முறை கடவுச்சொல்லைத் தப்பாக அடித்தார்.

“போடு” என்றாள் போனில்.

ஒரு நிமிடம் ஒன்றும் இல்லை. பிறகு திரையின் அடியில் ஒரு வரி எழும்பியது. 192.168.77.23. பெறுபவர், எல்லோரும். முடிவு, நிராகரிப்பு. அதற்கும் வலப்பக்கம், தாளில் வராத ஆறாவது பத்தி. உள்.

“நிறுத்து.”

வரிகள் நின்றன.

“போடு.”

மறுபடி வந்தன. ஆர்க்கிடெக்ட் திரையருகே குனிந்தார். “உள்ளேயா? வெளியேருந்துன்னு சொன்னீங்களே சர்வர்?”

“பேப்பர்ல அந்தப் பத்திக்கு இடம் பத்தல சார், அதான் நான்...”

“அறைக்குப் போயிடலாம்” என்றாள் எக்ஸ்சேஞ்ச் அம்மா.

பல்பு அதற்குள் மேசைக்கு அடியிலிருந்த நெட்வொர்க் சாக்கெட்டிலிருந்து ஒரு சாம்பல் ஒயரையும் பக்கத்துப் பிளக்கிலிருந்து ஒரு கறுப்பு ஒயரையும் பிடித்துக்கொண்டு போயிருந்தான். இரண்டும் அலமாரியின் பின்பலகையில் நுழைந்து, ஓரத்தில் இருந்த அட்டை வீட்டின் அடியில் முடிந்தன. மற்ற மாதிரிகளின் மேல் தூசி பூத்திருந்தது. அந்த வீட்டின் கூரை மட்டும் பளிச்சென்று இருந்தது.

“இது என்ன வீடு?”

“நாங்க முதல்ல கட்டினது. நானும் என் மனைவியும் சேர்ந்து வரைஞ்சது” என்றார் ஆர்க்கிடெக்ட். “அதை வேற யாரும் தொட மாட்டாங்க. அவதான் வந்து துடைப்பா.”

எக்ஸ்சேஞ்ச் அம்மா கூரையைத் தூக்கினாள். உள்ளே முட்டை வடிவில் ஒரு வெள்ளைக் கேமரா, மாடி ஜன்னல் வழியாக மேசையைப் பார்த்தபடி இருந்தது. அதன் முதுகில் பாதி உரிந்த மஞ்சள் மீன் ஸ்டிக்கர்.

ஆர்க்கிடெக்டின் முகம் வெளிறியது. “இது... எங்க பையன் தொட்டிலுக்கு மேல மாட்டியிருந்தது.”

எக்ஸ்சேஞ்ச் அம்மா கேமராவை மேசையில் வைத்தாள்.

“உங்க வீட்டுக் கதவு எண் என்ன?”

“எழுபத்தேழு.”

“வீட்டுல நெட்வொர்க் அமைச்சுக் குடுத்தது யாரு?”

ஆர்க்கிடெக்டின் கழுத்து மெல்ல சர்வரின் பக்கம் திரும்பியது.

“வீடுகள்ல பொதுவா பூஜ்யமோ ஒண்ணோதான் வரும்” என்றாள் அந்தப் பெண் மெதுவாக. “எழுபத்தேழுன்னா யாரோ யோசிச்சுப் போட்டிருக்காங்க. கேமராவுக்கும் அழியாதபடி அந்த எண்ணையே எழுதிக் குடுத்திருக்காங்க. அதனாலதான் இங்க வந்து மாட்டினப்புறமும் வீட்டு முகவரியையே சொல்லுது, ஃபயர்வாலும் திருப்பி அனுப்பிடுது.”

“புகுந்த வீட்டுக்கு வந்தும் பொறந்த வீட்டு இனிஷியலை விட மனசு வரல” என்றான் பல்பு. யாரும் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை.

எக்ஸ்சேஞ்ச் அம்மா சர்வருக்கு எதிரே போய் நின்றாள். “கேமராவை வெச்சது நீங்க இல்ல. ஆனா முதல் நாளே, முதல் வரியிலேயே, அது யார் வீட்டுதுன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. உங்க கையெழுத்து உங்களுக்கே தெரியாமப் போகுமா? ஆறாவது பத்தியை எடுத்துட்டு அச்சடிச்சீங்க.”

சாவிக்கொத்து சிணுங்கியது. சர்வர் அதை இறுகப் பிடித்தார்.

“பதினோரு வருஷம் சார்” என்றார் ஆர்க்கிடெக்டைப் பார்த்து. “மழைல மொட்டைமாடி ஏறியிருக்கேன். உங்க பையன் பொறந்தப்போ தொட்டில் மேல இதை மாட்டினது நான். ஒரு நாளாவது ‘நீ என்ன நினைக்கிறே’ன்னு கேட்டிருக்கீங்களா? இவ வந்து நாலு நாள்ல கேட்டீங்க. இவகிட்ட எதை எங்க வைக்கலாம்னு கேட்டீங்க. எனக்கு வயிறு பத்தி எரிஞ்சுது. உங்க வீட்டம்மாவை மாட்டிவிடவும் மனசு வரல. இவ மாட்டிக்கிட்டா நல்லதுன்னு விட்டுட்டேன்.”

“விட்டுட்டேன்னு சொல்லாதீங்க” என்றாள் அந்தப் பெண். “தூக்கிப் போட்டீங்க.”

அவர் தலை கவிழ்ந்தது. இடுப்பிலிருந்து சாவிக்கொத்தைக் கழற்றி மேசையில் வைத்தார். யாரும் போகச் சொல்லவில்லை. அவராகவே வெளியே போனார்.

ஆர்க்கிடெக்ட் சட்டைப்பையிலிருந்து அந்த லெட்டர் கவரை எடுத்துக் கிழிக்கப் போனார்.

“கிழிக்காதீங்க சார். என்கிட்ட குடுங்க” என்றாள் அந்தப் பெண்.

“எதுக்கும்மா?”

“மூணே கால் மணி வரைக்கும் நீங்க இதை நம்பினீங்க. அது எனக்கு ஞாபகம் இருக்கணும்.” கவரை வாங்கிப் பையில் வைத்தாள். பிறகு எக்ஸ்சேஞ்ச் அம்மாவிடம், “நீங்க எழுபத்தேழாம் நம்பருக்குப் போறீங்கல்ல? நானும் வரேன்” என்றாள்.

ஆர்க்கிடெக்ட் எழுந்தார்.

“நீங்க இருங்க” என்றாள் எக்ஸ்சேஞ்ச் அம்மா. “நீங்க வந்தா அவங்க உங்களுக்குப் பதில் சொல்வாங்க. எனக்கு உண்மை வேணும்.”

---

கதவைத் திறந்தவள் நாற்பது வயதுக்காரி. எக்ஸ்சேஞ்ச் அம்மாவின் கையிலிருந்த கேமராவைப் பார்த்தாள். பிறகு புதிதாக வந்த பெண்ணைப் பார்த்தாள். மறுக்கவில்லை. கதவை அகலத் திறந்துவிட்டு உள்ளே நடந்தாள்.

“என்ன படம் பிடிச்சிருக்குன்னு பார்த்தீங்களா?” என்று கேட்டாள் நாற்காலியில் உட்கார்ந்ததும்.

“ஒண்ணும் இல்ல. உள்ள மெமரி கார்டே கிடையாது” என்றாள் எக்ஸ்சேஞ்ச் அம்மா. “உங்களுக்குப் படம் வந்துச்சா?”

“தினமும் பத்தரைக்குப் போனைத் திறந்து வெச்சுக்கிட்டு உக்காருவேன். வட்டம் சுத்திக்கிட்டே இருக்கும். படம் வராது. ஒன்பது நாள்.” அவள் கைகளைக் கோத்துப் பிரித்தாள். “கேவலமா இருக்கு.”

“உங்க வீட்டுக்காரர் மேல சந்தேகமா?”

“அவன் இவளைத் தொடறானான்னு பார்க்க வைக்கலம்மா. அப்படி நினைச்சிருந்தா நேராப் போய் ரெண்டு கேள்வி கேட்டிருப்பேன். அவன் இவளோட சேர்ந்து கோடு போடறானான்னு பார்க்க வெச்சேன்.”

பல்பு வாயைத் திறந்தான். அண்ணி அவன் காலை மிதித்தாள்.

“நாங்க ரெண்டு பேரும் ஒரே மேசையில வரைஞ்சவங்க” என்றாள் அவள். “ஒரு தாள், ரெண்டு பென்சில். அவன் சுவர் போட்டா நான் ஜன்னல் வைப்பேன். பையன் பொறந்து, அவனுக்கு உடம்பு முடியாமப் போய், நான் பென்சிலை வெச்சு ஆறு வருஷமாச்சு. என் வீட்டுக்காரன் தனியா வரைஞ்சான். அது பரவால்ல, தாங்கிக்கிட்டேன். ஒரு நாள் சாப்பிடறப்போ சொல்றான், ‘புதுசா ஒரு பொண்ணு வந்திருக்கா, எதிர்ல உக்காந்து வரையறா, பழைய மாதிரி இருக்கு’ன்னு. பழைய மாதிரி! எனக்குச் சோறு இறங்கல. எங்க வீட்டு மாதிரிக்குள்ளயே கேமராவை வெச்சுட்டு வந்தேன்.” பெண்ணைப் பார்த்தாள். “உனக்கு என்ன நடந்துச்சு? அவன் திட்டினானா?”

“திருடின்னு எழுதிட்டாங்க” என்றாள் பெண். கவரை எடுத்து மேசையில் வைத்தாள்.

ஆர்க்கிடெக்டின் மனைவி படித்தாள். தாளை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். “நான் இதை நினைக்கவே இல்ல. என் வயித்தெரிச்சல் உன் வாழ்க்கையில போய் விழும்னு... மன்னிச்சிடுன்னு கேக்கற தகுதி எனக்கு இல்ல. இருந்தாலும் கேக்கறேன்.”

பெண் திடீரென்று சிரித்தாள். கசந்த சிரிப்பு.

“நீங்க என்மேல பொறாமைப்பட்டீங்களா? ஒன்பது நாளா வெந்து செத்தது நான்தான் மேடம்.”

“யார்மேல?”

“உங்கமேல. நான் ஒரு படிக்கட்டு வெச்சா, ‘அவ இருந்தா இதைத் திருப்பியிருப்பா’. நான் ஒரு ஜன்னல் வெச்சா, ‘அவ இதை இன்னும் கீழ இறக்குவா, குழந்தைங்க உயரத்துக்கு’. நான் போட்ட ஒவ்வொரு கோட்டையும் அவர் உங்க கோட்டோட அளந்துதான் பார்த்தார். ஒரு தடவை கோபத்துல கேட்டுட்டேன், அப்போ அவங்களையே கூப்பிட்டு வரையச் சொல்லுங்களேன்னு.”

எதிரே இருந்தவள் முன்னால் சாய்ந்தாள். “என்ன சொன்னான்?”

“‘ஆறு வருஷம் கழிச்சு இப்போ கூப்பிட்டா, இரக்கப்பட்டுக் கூப்பிடறேன்னு நினைச்சுப்பா’ன்னார்.”

“முட்டாள்” என்றாள் மனைவி. கண் நிறைந்துவிட்டது. “அடிமுட்டாள்.”

எக்ஸ்சேஞ்ச் அம்மா பல்புக்குக் கண்ணைக் காட்டினாள். இருவரும் எழுந்து வாசல் பக்கம் நகர்ந்தார்கள்.

“அண்ணி, இதுல குற்றவாளி யாரு?” என்று கிசுகிசுத்தான் பல்பு.

“சும்மா இரு.”

உள்ளே பெண் மடியிலிருந்த சுருளைப் பிரித்து மேசையில் விரித்தாள். நான்கு மூலையிலும் வைக்க ஏதாவது தேடினாள். ஆர்க்கிடெக்டின் மனைவி சர்க்கரை டப்பாவை ஒரு மூலையில் வைத்தாள். கேமராவை இன்னொரு மூலையில் வைத்தாள். குனிந்து பார்த்தாள். விரல் கோடுகளின் மேல் போய்க்கொண்டே இருந்தது. ஒரு இடத்தில் நின்றது.

“முற்றத்துக்கும் படிக்கிற கூடத்துக்கும் நடுவுல இந்தச் சுவர் எதுக்கு?”

“அதைத்தான் நானும் ஒன்பது நாளா கேக்கறேன்” என்றாள் பெண். “எடுக்க விடமாட்டேங்கறார். நீங்க இருந்தா எடுக்க வேணாம்னு சொல்வீங்களாம்.”

“நானா? நான் எப்போ...”

போன் அடித்தது. திரையில் கணவரின் பெயர். அவள் எடுத்தாள். அந்தப் பக்கம் அவர் ஏதோ வேகமாகச் சொல்ல ஆரம்பித்தார். குரல் வாசல் வரை கேட்டது. அவள் முழுசாகக் கேட்கவில்லை.

“அதெல்லாம் அப்புறம் சண்டை போட்டுக்கலாம். முதல்ல வீட்டுக்கு வா” என்றாள். “வரும்போது எனக்கு ஒரு பென்சில் கொண்டு வா.”